நூறு வயது வாழ்க்கைக்கு எந்த வீடு? வாடகை, சொந்தம், குத்தகை

வீடு வாங்குவதா, வாடகைக்கே இருந்துவிடுவதா என்ற பேச்சு எழுந்தால் வட்டி விகிதம், மாதத் தவணை, நில மதிப்பு என்று எல்லாம் வரும். எத்தனை வயது வரை உயிரோடு இருப்போம் என்பது மட்டும் வராது. 1950-இல் உலக சராசரி ஆயுள் 50-ஐக்கூடத் தொடவில்லை. ஐ.நா.வின் 2024 மதிப்பீட்டில் அது 73-ஐத் தாண்டியிருக்கிறது. இந்த ஏற்றத்தில் பெரும் பங்கு குழந்தை இறப்பு குறைந்ததால் வந்தது என்பது உண்மைதான். ஆனாலும் 60-ஐ எட்டிய ஒருவர் அதற்குமேல் 20 வருடம் வாழ்வது இன்று சாதாரணம்.

ஆகவே எனக்கு முக்கியமான கேள்விகள் இரண்டு. நினைத்ததைவிட நீண்ட நாள் வாழ்ந்தால் அந்தச் செலவு யார் தலையில் விழும்? நாம் இருக்கும் ஊர் மக்கள் குறைந்து தேய்ந்துபோனால் நட்டம் யாருக்கு?

வாடகையை எடுத்துக்கொள்வோம். ஊர் தேய்ந்தால் நட்டம் வீட்டுக்காரருக்கு. நீங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பலாம். வேலை மாறும் வயதில் இதைவிட வசதி வேறில்லை. நீண்ட ஆயுளின் சுமை மட்டும் முழுக்க உங்களுடையது. சம்பளம் 60-இல் நிற்கும், வாடகை நிற்காது. வயதானவருக்கு வீடு தர வீட்டுக்காரர்கள் தயங்குவதும் உண்டு. ஆனால் இதை வாடகையின் பிறவிக் குணம் என்று சொல்லிவிட முடியாது. வியன்னாவில் 1920-களிலிருந்தே மாநகராட்சி குடியிருப்புகளைக் கட்டி வருகிறது. அந்நகர மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மாநகராட்சி வீட்டிலோ மானிய வீட்டிலோதான் இருக்கிறார்கள். அங்கே வாடகை வீட்டில் முதுமையைக் கழிப்பது யாரையும் பயமுறுத்துவதில்லை. குடியிருப்பவரைச் சட்டம் காப்பாற்றாத ஊரில் மட்டும் 70 வயதில் வாடகைக்கு இருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சொந்த வீட்டில் கணக்கு அப்படியே தலைகீழ். கடன் முடிந்த பிறகு 95 வயது வரை வாழ்ந்தாலும் வாடகை கேட்க ஆளில்லை. ஆனால் ஊர் தேய்ந்தால் அடி உங்களுக்கு. நிலம் ஏறிக்கொண்டேதான் இருக்கும் என்று நம்புகிறவர்கள் ஜப்பானைப் பார்க்க வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் உச்சம் தொட்ட நில விலை அதன்பின் பல வருடங்கள் சரிந்தது. 2023 கணக்கெடுப்பில் அந்நாட்டில் சுமார் 90 லட்சம் வீடுகள் காலி. ஏறத்தாழ ஏழு வீட்டுக்கு ஒன்று. அதே காலத்தில் தோக்கியோவின் மையப் பகுதியில் அடுக்குமாடி விலை ஏறிக்கொண்டிருந்தது. ஒரே நாடுதான், ஆனால் ஒரு பக்கம் வாங்க ஆளில்லை, மறுபக்கம் வாங்கவே முடியவில்லை. 2050-க்குள் உலக மக்களில் 68 சதவீதம் பேர் நகரவாசிகள் ஆவார்கள் என்ற ஐ.நா. கணிப்பைக் காட்டி எந்த மனையையும் விற்றுவிடலாம். ஆனால் உலக மக்கள்தொகை 2080-களில் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கும் என்பதும் அதே ஐ.நா. கணிப்புதான். இன்று 30 வயதில் வாங்குபவர் தன் 80-இல் விற்கப்போனால், வாங்க எத்தனை இளைஞர்கள் இருப்பார்கள்?

சரி, சொந்தம்தான் என்று முடிவானால், புறநகர்த் தனி வீடா, நகர மைய அடுக்குமாடியா? குழந்தைகள் வளரும்வரை புறநகர் ஜெயிக்கும். கார் ஓட்ட முடியாத வயதில் அதே வீடு தீவாகிவிடும். ஜப்பானின் தோயாமா நகரம் இதை உணர்ந்து, 2006-இல் புதிய டிராம் பாதையைத் திறந்து, அந்த வழித்தடங்களை ஒட்டியே மக்களைக் குடியேற ஊக்குவித்தது. என் ஓட்டு லிஃப்ட் உள்ள, மருத்துவமனைக்கு நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் சின்ன அடுக்குமாடி வீட்டுக்குத்தான். அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. கட்டடமும் குடியிருப்பவர்களும் சேர்ந்தே கிழடாகிறார்கள். 50 வருடக் கட்டடத்தைப் புதுப்பிக்க, ஓய்வூதியத்தில் வாழும் பெரும்பாலோர் பணம் போட ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே வாங்குமுன் குடியிருப்போர் சங்கத்தின் பராமரிப்பு நிதி எவ்வளவு என்று பாருங்கள். தரையில் என்ன டைல்ஸ் என்பது அப்புறம்.

சிங்கப்பூரின் 99 வருடக் குத்தகை மூன்றாவது வழி. அங்கே முக்கால்வாசிக்கும் மேற்பட்ட குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அரசு கட்டிய வீடுகளில் இருக்கிறார்கள். பெரும்பாலோர் அந்தக் குத்தகைக்குச் சொந்தக்காரர்கள். 65 வயதானவர், தகுதி இருந்தால், குறைந்தது 95 வயது வரைக்கான காலத்தைத் தனக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தை அரசுக்கே விற்கலாம். அந்தப் பணம் ஓய்வுக்கால வருமானமாகத் திரும்பி வரும். ஆயுளையும் வீட்டையும் சேர்த்து யோசித்த ஏற்பாடு என்பதால் எனக்குப் பிடிக்கிறது. காலம் முடிந்தால் பிள்ளைகளுக்கு ஒரு செங்கல்லும் மிஞ்சாது; அதைப் பலரால் ஏற்க முடிவதில்லை.

கடைசியாக, வீட்டை விற்றுவிட்டு உயிருள்ளவரை அதிலேயே குடியிருந்து மாதாமாதம் பணம் வாங்கும் பிரெஞ்சு முறை. 1965-இல், தன் 90-ஆம் வயதில், ழான் கால்மா என்ற பிரெஞ்சுப் பெண்மணி இப்படித்தான் தன் குடியிருப்பை 47 வயது நோட்டரி ஒருவருக்கு விற்றார். அந்த நோட்டரி 30 வருடம் பணம் கட்டி, வீட்டு மதிப்பைப்போல இரு மடங்குக்கு மேல் கொடுத்து, 1995-இல் இறந்துபோனார். பிறகு அவர் மனைவி கட்டினார். 1997-இல் கால்மா மறைந்தபோது வயது 122. விற்பவருக்கு நல்ல ஏற்பாடு, வாங்குபவருக்குச் சூதாட்டம். வாரிசு இல்லாதவர்களுக்கு இது நன்றாகவே பொருந்தும். வாரிசு இருந்தால் கையெழுத்துப் போடுமுன் அவர்களிடம் பேசிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பணம் கட்டியவரின் குடும்பமும் விற்றவரின் குடும்பமும் நீதிமன்றத்தில் சந்தித்துக்கொள்ளும்.