மரச்சட்டத்தைக் கழற்றாமல் வாங்காதீர்கள்

இங்கிலாந்தின் பழம்பொருள் கடைகளில் வெட்ஜ்வுட் என்ற பழைய ஆங்கிலேயப் பீங்கான் நிறுவனத்தின் புடைப்புச் சிற்பப் பலகை தேடி அலைகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் பணப்பையைத் திறக்கவும். எனக்கு 340 பவுண்டு போயிற்று.

வெளிர்நீலப் பரப்பில் வெள்ளை நிறப் பெண்கள் கைகோத்து ஆடுவார்கள். ‘நடனமாடும் பொழுதுகள்’ என்று அந்த வடிவத்துக்குப் பெயர். ஒரு காலத்தில் ரோமின் போர்கேசே பிரபுக் குடும்பத்தாரிடம் இருந்த, இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் ரோமானியப் பளிங்குச் சிற்பத்தை அடியொற்றி, சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன் 1778-இல் நிறுவனர் ஜோசையா வெட்ஜ்வுட்டுக்காக உருவாக்கியது. இந்தப் பலகை 1780-களில் செய்தது என்றார் கடைக்காரர். ஃபிளாக்ஸ்மன் ரோமில் அந்தச் சிற்பத்தின் எதிரே உட்கார்ந்து வரைந்ததாகக் கதையும் சொன்னார். ஃபிளாக்ஸ்மன் ரோமுக்குப் போனதே 1787-இல்தான்! அது எனக்குத் தெரியும். ஆனாலும் பொருள்மீது ஆசை விழுந்துவிட்டால் தெரிந்ததெல்லாம் எங்கே நினைவுக்கு வருகிறது?

கறுப்பு மரச்சட்டம், பின்புறம் முழுக்கப் பழுப்புத் தாள். “அந்தக் காலத்துத் தாள், கிழித்தால் மதிப்புப் போய்விடும்” என்றார். ரொக்கமாகத் தந்தால் 40 பவுண்டு குறைப்பதாகவும் சொன்னார். கடன் அட்டையை உள்ளே வைத்துவிட்டு நோட்டுகளை எண்ணிக் கொடுத்தேன்.

வீட்டில் மேசை விளக்கின் அடியில் வைத்தபோது உறுத்தியது. இந்தப் பலகைகளைச் செய்வது ஜாஸ்பரில்; அது மெருகு பூசாத பீங்கான் வகை. வெள்ளை உருவங்களைத் தனி அச்சில் எடுத்து, ஈரம் தொட்டு நிறப்பரப்பில் ஒட்டிச் சுடுவார்கள். நல்ல பழைய வேலையில், ஆடை மடிப்பு மெலிந்த இடத்தில் அடியிலிருக்கும் நீலம் கசிந்து தெரியும். என்னுடையதில் வெள்ளை எங்கும் ஒரே தடிமன். மூக்கும் விரல்நுனியும் கரைந்த சோப்பைப் போல மழுங்கியிருந்தன.

தாளின் ஒரு மூலையைக் கத்தியால் நெம்பினேன். அந்தக் காலத்துத் தாளுக்கு அடியில் பிளாஸ்டிக் ஒட்டுநாடா! அதையும் உரித்தால், களிமண்ணில் பதித்த எழுத்துகள்: வெட்ஜ்வுட், மேட் இன் இங்கிலாந்து.

இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா விதித்த பிறகு, 1891 முதல்தான் ‘இங்கிலாந்து’ என்ற சொல் இந்த முத்திரையில் வழக்கமாயிற்று. ‘மேட் இன்’ சேர்ந்தது 20-ஆம் நூற்றாண்டில். ஆக, வெட்ஜ்வுட் என்பது உண்மை, வயதுதான் பொய். அதே பலகையை அடுத்த வாரம் வேறொரு கடையில் 45 பவுண்டுக்குப் பார்த்தேன்.

திருப்பிக் கொடுக்கப் போனால், ரசீதைப் படிக்கச் சொன்னார். ‘18-ஆம் நூற்றாண்டுப் பாணி’ என்று எழுதியிருந்தது. பாணி! அந்த ஒற்றைச் சொல்லை அன்று நான் கவனிக்கவே இல்லை. மேலும், மரச்சட்டத்தைப் பிரித்தது என் குற்றமாம். கடன் அட்டையில் வாங்கியிருந்தால், 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருள் என்பதால், 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் 75-ஆம் பிரிவின்படி அட்டை நிறுவனத்திடமே முறையிட்டிருக்கலாம். அந்த 40 பவுண்டு தள்ளுபடி எதற்கென்று அப்போதுதான் உறைத்தது.

வாங்கத்தான் வேண்டும் என்றால், உங்கள் கண்ணெதிரே கடைக்காரரையே மரச்சட்டத்தைக் கழற்றச் சொல்லுங்கள். மறுத்தால் கிளம்பிவிடுங்கள். வாயால் சொல்லும் காலத்தை ரசீதில் அப்படியே எழுதி வாங்குங்கள்.

போன சனிக்கிழமை அந்தத் தெரு வழியாகப் போனேன். கடையின் கண்ணாடிக்குப் பின்னால் இன்னொரு நீலப் பலகை, அதே கறுப்புச் சட்டத்தில்.