ஐந்து நாள் கணக்கை ஒரே இரவில் மறந்த மீற்றர்

மூதூரில் இருக்கிற அக்கா போன கிழமை போனில் கேட்டா: "தம்பி, எந்தச் சாமான் எவ்வளவு கரண்ட் இழுக்குது எண்டு பார்க்க நீ பிளக்கில செருகி வச்சிருக்கிற அந்தச் சின்ன மீற்றர் நல்லதோ? நானும் ஒண்டு வாங்கட்டா?"

கேட்ட நேரம் சரியில்லை. முதல் நாள் இரவுதான் கச்சான் காற்றுக்குக் கிளை முறிந்து லைனில் விழுந்து, திருகோணமலை உவர்மலையில் எங்கள் பக்கம் கரண்ட் போனது. மீற்றரில் ஐந்து நாளாகச் சேர்ந்த கணக்கும் அதோடு போய்விட்டது.

இரண்டு வருஷமாக எனக்குத் தீராத கோபம் இதுதான். கரண்ட் போனாலும் கணக்கு அழியாமல் இருக்க, உள்ளே பட்டன் அளவில் ஒரு பற்றரி வைத்திருக்கிறார்கள். எட்டாம் மாதமே அது செத்துவிட்டது. திருத்தக் கொடுத்த இடத்தில் திறந்து காட்டினார்கள், உப்புக்காற்றில் அதன் கால்கள் பச்சை பூத்திருந்தன. மாற்றிப் போட்டதும் மூன்று மாதம்தான் தாங்கியது. இப்போது ஒரு நிமிஷம் கரண்ட் நின்றாலும் திரும்ப 0.00.

ஆனால் பிரிட்ஜ் விஷயத்தை மறைக்க மாட்டேன். 700 வாற்ஸ் என்று எழுதியிருக்கிற றைஸ் குக்கர்தான் பில்லை ஏற்றுகிறது என்று வீட்டில் எல்லாரும் அதைத் திட்டிக்கொண்டிருந்தோம். செருகிப் பார்த்தால் ஒரு நேரச் சோற்றுக்குக் கால் யூனிற்தான். 130 வாற்ஸ் பிரிட்ஜோ 24 மணித்தியாலத்தில் 1.9 யூனிற் காட்டியது. மோட்டர் ஓய்வெடுப்பதே குறைவு என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தேன், சும்மா கையோடு வந்தது. கதவு றப்பர் மாற்றிய பிறகு அதே பிரிட்ஜ் 1.2. மாதத்துக்கு 21 யூனிற் மிச்சம். 104 வந்த வீட்டில் 83 வந்தது. 90ஐத் தாண்டினால் யூனிற் விலையோடு நிலையான கட்டணமும் ஏறுகிற நாட்டில் அது சின்ன விஷயமில்லை. பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா இரண்டு தரம் வாசித்தா.

டிஷ் பெட்டியும் அகப்பட்டது. ரிமோட்டில் நிற்பாட்டினாலும் 11 வாற்ஸ் இழுக்கிறது, மாதம் கிட்டத்தட்ட 8 யூனிற். இப்போது படுக்கப்போகும்போது சுவிச்சிலேயே நிற்பாட்டுகிறோம். சீலிங் ஃபேனையும் கிணற்று மோட்டரையும் இதில் பார்க்க வழியில்லை, அவை நேரே வயரிங்கில் இருக்கின்றன.

இவ்வளவு செய்து தந்த சாமானைத்தான் வாங்க வேண்டாம் என்கிறேன். கரண்ட் போகிற ஊருக்கு விற்கிற மீற்றர், கரண்ட் போனால் கணக்கை மறக்கக் கூடாது.

அக்கா, நீங்க காசு செலவழிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை என்ர மீற்றரைக் கொண்டுவந்து தாறன். முதல்ல பிரிட்ஜில போடுங்கோ. காலமையும் பின்னேரமும் காட்டுற இலக்கத்தைக் கலண்டரில எழுதி வையுங்கோ.