பச்சோந்தி வளர்ப்பவர்களுக்கு: தானியங்கி நீர்த்தூவி வாங்கலாமா?

என் யேமன் பச்சோந்திக்கு மலச்சிக்கல் வந்தபோது, ஊர்வன மருத்துவர் முதலில் கேட்டது தண்ணீரைப் பற்றித்தான். எச்சத்துடன் வரும் யூரேட் (ஊர்வனவற்றின் கெட்டியான சிறுநீர்க் கழிவு) வெண்மையாக இருக்க வேண்டும். எங்களுடையதற்கு அது ஆரஞ்சு நிறத்தில், காய்ந்த கட்டியாக வந்தது. நீர்ச்சத்துக் குறைவுக்கு அதுவே சாட்சி. கிண்ணத்தில் தேங்கிய நீரைப் பச்சோந்தி பெரும்பாலும் கண்டுகொள்வதே இல்லை. இலையில் உருளும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும்.

அதற்காக வாங்கிய இந்தத் தானியங்கி நீர்த்தூவி, இலையில் துளி சேர்க்கும் அந்த வேலையை அருமையாகச் செய்கிறது. துளிகள் மிக நுண்மையானவை. தூவத் தொடங்கியதும் பச்சோந்தி முதலில் கண்களை உருட்டிக் கழுவிக்கொள்கிறது. பிறகுதான் நாக்கு மெல்ல இலை நுனிக்குப் போகிறது. சில நிமிடங்கள் தொடர்ந்து தூவினால்தான் குடிக்கும் மனநிலையே வருகிறது என்பதால், நேரத்தை நாமே அமைத்துக்கொள்ள முடிவது பெரிய வசதி. யூரேட் இப்போது வெள்ளை வெளேரென்று வருகிறது.

குறை இல்லாமல் இல்லை. உப்பு நீர் ஊற்றினால் முனை அடைத்துக்கொள்கிறது. உப்பு நீக்கிய நீர்தான் சரி. வடிகால் தட்டு தருவதில்லை, இது எனக்குக் கோபமே தருகிறது. கூண்டின் அடி ஈரமாகவே கிடந்தால் பூஞ்சை பிடிக்காதா?

இதை வாங்கிவிட்டு வெயில் விளக்கை மறந்துவிடாதீர்கள். உடல் சூடேறாவிட்டால் தின்ற பூச்சி செரிக்காது. புறஊதா விளக்கும் கால்சியமும் குறைந்தால் குடல் தசையே தளர்ந்துபோகும். உணவை நிறுத்திவிட்டு வயிறு உப்பிக் கிடந்தால் நீர்த்தூவியை நம்பிக் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.