குமரி மாவட்டத்தில் ஏ.ஏ. கூட்டங்கள்: உடன் சென்றவரின் மதிப்பீடு

குடியை நிறுத்த விரும்புவோருக்காக நடக்கும் ஏ.ஏ. என்னும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்கு, என் தம்பியை அழைத்துக்கொண்டு நாகர்கோவிலிலும் மார்த்தாண்டம் பக்கத்திலும் சில மாதங்களாகச் சென்று வருகிறேன். கட்டணமே இல்லாத ஒன்றுக்கு மதிப்பீடு எழுதுவதா என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால், குடியில் சிக்கிய ஒருவரை எங்கே அழைத்துப் போவது என்று தெரியாமல் தவிக்கும் வீட்டாருக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

கூட்டத்தில் எனக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லை. அதைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. உறுப்பினர்களின் அடையாளத்தை வெளியிடாமல் காப்பது இந்த அமைப்பின் அடிப்படை என்பதாலோ என்னவோ, நாங்கள் சென்ற இடங்களில் சாலையிலிருந்து கண்ணில் படும் பலகை எதுவும் இல்லை. இணையத்தில் கிடைத்த ஒரு பழைய பட்டியலை நம்பி ஒரு மாலை சென்றபோது அறை பூட்டிக் கிடந்தது. குழு கூடும் கிழமை மாறி வெகுநாளாகியிருந்தது. எனவே, ஏ.ஏ.யின் இந்திய இணையதளத்தில் உள்ள உதவி எண்ணை முதலில் அழைத்து, இடம், கிழமை, நேரம் ஆகியவற்றோடு அது திறந்த கூட்டமா மூடிய கூட்டமா என்பதையும் கேட்டுக்கொண்டு புறப்படுவதே நல்லது. திறந்த கூட்டத்தில் என்னைப் போன்ற உறவினரும் உட்காரலாம். மூடிய கூட்டம் குடியை விட விரும்புவோருக்கு மட்டுமே உரியது. நாங்கள் அழைத்தபோது பேசியவர் சம்பளம் வாங்கும் ஊழியர் அல்லர், குடியிலிருந்து மீண்ட ஓர் உறுப்பினர்; பகலில் எடுக்க முடியாமல் மாலையில் அவரே திருப்பி அழைத்தார்.

பல ஆண்டுகளாக நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கத்தோடு நில்லாமல், முதல் சில நாள்களுக்குள் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அத்தகையவரைக் கூட்டத்துக்கு அழைத்துச் செல்வதற்கு முன் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வேறு மருத்துவரிடமோ காட்டிவிட வேண்டும். ஏ.ஏ. மருத்துவம் செய்வதில்லை, மருந்தும் தருவதில்லை. (சோற்றில் கலந்து கொடுத்தால் குடி மறந்துவிடும் என்று விளம்பரம் செய்யப்படும் பொடிகளுக்குச் செலவழிக்கும் பணத்தை வீட்டார் மிச்சப்படுத்தலாம்.)

1935-இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் பில் என்ற பங்கு வணிகரும் பாப் என்ற மருத்துவரும், இரண்டு குடிநோயாளிகள், தமக்குள் மனம்விட்டுப் பேசியதிலிருந்து பிறந்த இந்த முறை 1957-இல் இந்தியாவுக்கு வந்தது. இன்றும் அந்தப் பேச்சுதான் கூட்டத்தின் உயிர். குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்துள்ள பன்னிரண்டு படிகளை வாசித்தபின் ஒவ்வொருவராகத் தம் அனுபவத்தைப் பகிர்கிறார்கள். பேசுபவரை யாரும் குறுக்கிடுவதில்லை, அறிவுரை சொல்வதுமில்லை. அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பதால் அந்தப் பகிர்வுகளை நானும் எழுதப் போவதில்லை. முதல் நாள் தலைகுனிந்திருந்த தம்பியிடம் ஒருவர், "பேசணும்னு கட்டாயம் இல்ல தம்பி, இருந்து கேட்டாப் போதும்" என்றார். வீட்டில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து செய்த உபதேசத்தைவிட அது அவனிடம் எடுபட்டது.

வருகைப் பதிவேடு இல்லை. தட்டு சுற்றி வரும்போது உறுப்பினர்கள் விரும்பியதைப் போடுகிறார்கள். வெளியார் நன்கொடையை ஏ.ஏ. ஏற்பதில்லை. நம் மாவட்டத்தில் கூட்டம் தேவாலய வளாகத்தில் நடந்தால் பிற மதத்தவர் தயங்கக்கூடும். ஏ.ஏ. எந்த மதத்தையும் சார்ந்ததன்று. அவரவர் உணர்ந்த வகையில் ஒரு மேலான ஆற்றல் என்றுதான் படிகள் பேசுகின்றன. ஆயினும் முடிவில் சொல்லும் பிரார்த்தனை இறை நம்பிக்கை இல்லாதவருக்குச் சங்கடமாகவே இருக்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

பலன் உண்டா என்றால், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பு 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியிட்ட மதிப்பாய்வு, நோயாளிகளை ஏ.ஏ.யில் சேர்த்துவிடும் முறைப்படுத்தப்பட்ட சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் வேறு பல சிகிச்சைகளைவிட மேலான பலன் தந்ததாகக் கூறுகிறது. எல்லோருக்கும் பலிக்கும் என்று அதற்குப் பொருளில்லை.

குறைகளும் உண்டு. நாங்கள் சென்றவை மாலைக் கூட்டங்கள். விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகும் தொழிலாளிக்கு, இரவில் குலசேகரத்துக்கு அப்பால் பேருந்து பிடித்துத் திரும்புவது எளிதன்று. தூத்தூர் பக்கத்திலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கு வாரந்தோறும் வருவது நடவாத காரியம். கரையில் இருக்கும் நாள்களிலாவது அவர்கள் வர வேண்டும். நான் இருந்த கூட்டங்களில் பெண் உறுப்பினர் எவரையும் காணவில்லை. குடிக்கும் பெண்ணுக்கு ஆண்கள் நிறைந்த அந்த அறையில் நுழைவது எவ்வளவு கடினம் என்பதைக் குழுக்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வீட்டாருக்கென்று 1951-இல் தொடங்கிய அல்-அனான் என்ற தனி அமைப்பு இருக்கிறது. குடிப்பவர் ஏ.ஏ.க்கு வர மறுத்தாலும் மனைவியோ தாயோ அதற்குப் போகலாம். ஏ.ஏ. எண்ணை அழைக்கும்போதே அருகில் அல்-அனான் கூட்டம் எங்கே நடக்கிறது என்றும் கேட்டுவிடுங்கள். எங்களுக்கு அப்படித்தான் தெரியவந்தது, என் தம்பி மனைவி இப்போது போய்க்கொண்டிருக்கிறாள்.