செய்திக்குழு மடல்களைத் தண்டர்பேர்டில் சேமிப்பது: ஆஃப்லைனா, லோக்கல் ஃபோல்டரா, இஎம்எல் ஃபைலா?

2024 பிப்ரவரி 22 முதல் கூகுள் குரூப்ஸ், செய்திக்குழுக்கள் என்ற பொது விவாத மன்றங்கள் இயங்கும் யூஸ்நெட் வலையின் புதிய மடல்களை ஏற்பதில்லை. அதற்கு முன் வந்தவற்றை இன்றும் அங்கே தேடிப் படிக்கலாம். அதற்குப் பிறகு எழுதப்பட்டது வேண்டுமென்றால், நீங்கள் இணைந்திருக்கும் செய்திச் சர்வர்தான் கதி. அந்தச் சர்வரும் மடலை எத்தனை நாள் வைத்திருப்பது என்பதைத் தானே முடிவு செய்யும். நாள் முடிந்ததும் மடல் போய்விடும், உங்கள் திரையில் தலைப்பு மட்டும் மிஞ்சும். அந்தத் தலைப்பைச் சொடுக்கி, மடல் காலாவதியாகிவிட்டது என்ற பதிலைப் பார்க்கும்போதுதான் பலருக்குச் சேமிப்பு நினைவுக்கு வருகிறது.

அஞ்சலும் செய்திக்குழுவும் படிக்கும் நிரலான தண்டர்பேர்டில் சேமிக்க மூன்று வழிகள் உண்டு. வெளிப்பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் அவற்றின் ஆயுள் வேறு.

முதலில், நட்சத்திரம் இடுவதும் டேக் போடுவதும் சேமிப்பில் சேராது. செய்திக்குழுவில் அந்த அடையாளங்கள் எம்எஸ்எஃப் என்ற அட்டவணை ஃபைலில்தான் பதிகின்றன. அது கெட்டு மறுபடி உருவானால் அடையாளம் எல்லாம் போச்சு, மடலின் உடலோ முதலிலிருந்தே உங்களிடம் கிடையாது.

ஆஃப்லைன் பதிவிறக்கம்

கணக்கின் பெயரில் வலச்சொடுக்கு செய்து செட்டிங்ஸ் போங்கள். சிங்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ் பக்கத்தில் வேண்டிய குழுக்களைத் தேர்ந்தெடுத்து, ஃபைல் மெனுவின் ஆஃப்லைன் பகுதியில் டவுன்லோட்/சிங்க் நவ் கொடுத்தால் உடலோடு மடல்கள் இறங்கும். நூற்றுக்கணக்கில் மொத்தமாக எடுக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. ரயிலில் படிக்கவும் தோதானது.

ஆனால் அதே பக்கத்தில் கத்தியும் இருக்கிறது. இத்தனை நாளுக்கு மேற்பட்டதை நீக்கு, அண்மைய இத்தனை மடல் போக மீதியை நீக்கு, பழைய மடல்களின் உடலை மட்டும் நீக்கு என்று வரிசையாக விருப்பங்கள். 'எதையும் நீக்காதே' என்பது தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இத்தனை கேபிக்கு மேற்பட்டதை இறக்காதே என்ற பெட்டியில் டிக் இருந்தால் நீளமான மடல்கள் சத்தமில்லாமல் விடுபடும். சர்வர் செட்டிங்ஸில் இருக்கும் 500 வரம்பும் இப்படித்தான். புதிய குழுவைத் திறக்கையில் 500 தலைப்பு மட்டும் எடுத்து, மீதியைப் படித்ததாகக் குறிக்கச் சொன்னால், பழைய விவாதங்கள் உங்கள் பட்டியலுக்கே வராது.

பெரிய பலவீனம் வேறு இடத்தில். ஆஃப்லைன் பிரதி, சர்வர் தரும் வரிசை எண்ணை நம்பி நிற்கிறது. ஒரே மடலுக்கு ஒரு சர்வரில் ஒரு எண், இன்னொன்றில் வேறு எண். எங்கும் மாறாதது மடலோடு வரும் மெசேஜ்-ஐடி என்ற அடையாளம் மட்டும்தான். சர்வரை மாற்றினாலோ, சர்வர்காரர்கள் எண்களைப் புதிதாகப் போட்டாலோ உங்கள் பட்டியல் தடுமாறும். அப்போது ரிப்பேர் ஃபோல்டர் அழுத்தினால் அது சர்வரிடம் புதிதாகத் தலைப்புகளைக் கேட்கும். அங்கே காலாவதியானது இங்கேயும் பட்டியலிலிருந்து மறையும். ஆகவே இதை வாசிப்பு வசதி என்று மட்டும் வைத்துக்கொள்ளலாம், காப்பகம் என்று நம்பவேண்டாம்.

லோக்கல் ஃபோல்டர்

உங்கள் கணினியிலேயே தண்டர்பேர்டு வைத்திருக்கும் அஞ்சல் ஃபோல்டர் இது. பெரும்பாலோருக்கு ஏற்றது இதுதான். மடலைத் தேர்ந்தெடுத்து, மெசேஜ் மெனுவில் காப்பி டு, பிறகு லோக்கல் ஃபோல்டர்ஸ். சுட்டியால் இழுத்துப் போட்டாலும் ஆகும். செய்திக்குழு மடல் சர்வருடையது என்பதால் நகர்த்த முடியாது, நகல்தான் எடுக்கமுடியும்.

ஒற்றை மடலை எடுக்காதீர்கள், முழு விவாதத்தையும் எடுங்கள். அதில் ஒரு மடலைச் சொடுக்கி கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஏ அழுத்தினால் அந்த விவாதத்தின் மடல் தொடர், அதாவது இழை, முழுவதும் தேர்வாகும். மடல்களின் தலைப்புப் பகுதியில் உள்ள ரெஃபரன்சஸ் வரி அப்படியே நகலாவதால், போய்ச் சேர்ந்த ஃபோல்டரிலும் யார் யாருக்குப் பதில் சொன்னார் என்ற கிளை குலையாது. உடல் இன்னும் இறங்காத மடலானால் நகலெடுக்கும்போதுதான் இறங்கும், எனவே இணைப்பு இருக்கும்போதே செய்யவேண்டும். முடிந்ததும் இரண்டு பக்கத்து எண்ணிக்கையையும் ஒப்பிட்டு, கடைசி மடலைத் திறந்து பாருங்கள்.

டேக் போடுவதை நகலெடுத்த பிறகு வைத்துக்கொள்வது நல்லது. லோக்கல் ஃபோல்டரின் மடல்களை ஒன்றாக அடுக்கி வைக்கும் எம்பாக்ஸ் ஃபைலில் டேக் ஒவ்வொரு மடலின் தலைப்புப் பகுதியிலேயே எழுதப்படுகிறது, அதனால் அட்டவணை கெட்டாலும் மீளும். அடுக்கும் முறையில் குழுவுக்கொரு ஃபோல்டர் என்று தொடங்குவார்கள். இரண்டு குழுவுக்கும் சேர்த்து அனுப்பப்பட்ட மடலை எங்கே வைப்பது என்ற தகராறு ஒரு மாதத்தில் வந்துவிடும். பொருளுக்கொரு ஃபோல்டர், அதன் மேல் டேக், அதற்கு மேல் சேமித்துவைத்த தேடலான சேவ்டு சர்ச் என்று போனால் அந்தத் தகராறு இல்லை. எந்தக் குழுவிலிருந்து வந்தது என்பது நியூஸ்குரூப்ஸ் வரியில் இருக்கத்தான் செய்கிறது.

குறைகளும் உண்டு. ஒரே மடலை இரண்டு முறை இழுத்தால் இரண்டு பிரதி விழும், யாரும் தடுக்கமாட்டார்கள். ஒரு ஃபோல்டர் முழுவதும் ஒரே எம்பாக்ஸ் ஃபைல் என்பதால் நீக்கிய மடலும் காம்பேக்ட் செய்து ஃபோல்டரைச் சுருக்கும்வரை உள்ளேயே கிடக்கும். வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒரு மடலைச் சந்தேகித்து அந்த ஃபைலையே பூட்டிவிட்டால் ஃபோல்டர் மொத்தமும் சிக்கும். காப்புப் பிரதி எடுப்பது எளிது: தண்டர்பேர்டை மூடிவிட்டு, அது தன் தரவை வைக்கும் புரொஃபைல் அடைவில் மெயில் என்பதன் கீழிருக்கும் லோக்கல் ஃபோல்டர்ஸை, துணை ஃபோல்டர்கள் இருக்கும் எஸ்பிடி அடைவுகளோடு அப்படியே எடுத்துவையுங்கள். திறந்திருக்கும்போது எடுத்த பிரதியை நம்பமுடியாது.

இஎம்எல் ஃபைல்

மடலைத் தேர்ந்து கன்ட்ரோல்+எஸ். மடலுக்கு ஒரு ஃபைல், பெரும்பாலான அஞ்சல் நிரல்கள் படிக்கும், தண்டர்பேர்டே இல்லாத கணினியிலும் திறக்கும். பத்துப் பதினைந்து மடலைத் திட்டக் கோப்போடு சேர்த்து வைக்க இது அருமை. ஆயிரம் மடலுக்கு இது சரிவராது. இழை அமைப்பு கண்ணில் படாது, ஃபைல் பெயர்கள் எல்லாம் 'ரீ' என்று தொடங்கி ஒன்றுபோல நிற்கும். தலைப்பில் இருக்கும் முக்காற்புள்ளி, கேள்விக்குறி போன்றவை விண்டோஸ் ஃபைல் பெயரில் வரக்கூடாது என்பதால் மாற்றப்படும். பாதை நீளம் 260 எழுத்தைத் தாண்டினால் சில நிரல்கள் திறக்க மறுக்கும். மொத்தமாக வேண்டுமென்றால் முதலில் லோக்கல் ஃபோல்டருக்கு நகலெடுத்து, அங்கிருந்து இம்போர்ட் எக்ஸ்போர்ட் டூல்ஸ் என்ஜி துணைநிரலால் ஏற்றுமதி செய்யுங்கள்.

இந்த வழி கண்டிப்பாக முந்தும் ஓர் இடம் உண்டு. 1990களின் பிற்பகுதியில் டிஸ்கி குறியேற்றத்தில் எழுதப்பட்ட தமிழ் மடல்கள் இன்று திறந்தால் ஐரோப்பிய எழுத்துக் குவியலாகத் தெரியும். திரையில் தெரிவதை நகலெடுத்தோ, டெக்ஸ்டாகச் சேமித்தோ வைத்தால் மூல பைட்டுகள் மாறிவிட வாய்ப்புண்டு, பிறகு மாற்றிகளால் மீட்பது கடினம். இஎம்எல்லில் மடல் வந்தபடியே இருக்கும், பின்னாளில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கிளாஸ் மெயில் என்ற இன்னொரு அஞ்சல் நிரலைப் பயன்படுத்துவோருக்கு இந்த இரண்டாம், மூன்றாம் வழிக்கு இடையிலான இழுபறியே இல்லை. அதன் எம்எச் ஃபோல்டர் ஒவ்வொரு மடலையும் எண் இட்ட தனி ஃபைலாகவே வைக்கிறது. தண்டர்பேர்டிலும் மடலுக்கொரு ஃபைல் என்ற மெயில்டிர் வகை இருக்கிறது, ஆனால் லட்சக்கணக்கில் சின்ன ஃபைல்கள் சேர்ந்தால் காப்புப் பிரதி எடுக்க நேரம் பிடிக்கும். சில ஆயிரம் மடலுக்கு எம்பாக்ஸே போதும். படிக்க ஆஃப்லைனில் இறக்குங்கள், பிடித்த இழையை அன்றே லோக்கல் ஃபோல்டருக்கு நகலெடுங்கள், பழைய குறியேற்ற மடலை மட்டும் கூடவே ஒரு இஎம்எல்லாகவும் போட்டுவையுங்கள்.