பிரேக்கில் காற்று எடுக்க எது நல்லது: துணைக்கு ஓர் ஆளா, பம்ப்பா, அழுத்தத் தொட்டியா?

கெந்திங் மலையிலிருந்து பிரேக்கை மிதித்தபடியே இறங்குபவர்கள் கோலாலம்பூரில் நிறைய. டிஸ்க்கின் சூடு, அதைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பருக்குள் இருக்கும் பிரேக் ஆயிலுக்கும் ஏறும். புது டாட் 3 ரக ஆயில் 205 டிகிரி வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் குடித்த ஆயிலுக்கு அந்த வரம்பு வெறும் 140தான். டாட் 4 என்றால் 230, 155. ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது. தாழ்ந்த கியரில் இறங்க வேண்டும், சரி. ஆனால் நம் ஊர் ஈரக்காற்றில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலையும் மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது பிரேக் குழாய்க்குள் காற்று தங்கிவிடாமல் வெளியேற்றவும் வேண்டும். அதற்கான வழிகள் இவை.

மைவி, சாகா மாதிரி காருக்கு, சொன்னதைக் கேட்டு மிதிக்க வீட்டில் ஓர் ஆள் இருந்தால் வேறு கருவியே வேண்டாம் என்பேன். ஒரு வளைய ஸ்பானர், ஒளி ஊடுருவும் ரப்பர் குழாய், பழைய போத்தல் போதும். மகளை ஸ்டீயரிங் பக்கம் உட்கார வையுங்கள்.

“மிதிம்மா!”

“மிதிச்சிட்டேன்பா!”

அப்புறம்தான் சக்கரத்தின் பின்னால், குழாய் மாட்டிய நிப்பிளை (காற்றை வெளியேற்றும் சின்னத் திருகு) கால் சுற்று திறக்க வேண்டும். பழுப்பு ஆயில் குழாயில் பாயும், நடுநடுவே கடுகளவு குமிழிகள். பெடல் இறங்கும்போது “விடாதே, விடாதே” என்று சொல்லிக்கொண்டே நிப்பிளை மூடிவிட்டு, “இப்ப விடு” என்கிறோம். மூடுவதற்கு முன் காலை எடுத்தால் போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். அதனால் அவசரக்காரரை இந்த வேலைக்குக் கூப்பிடாதீர்கள். குழாயில் தேன் நிறம் தெளிந்து குமிழி நின்றதும் அடுத்த சக்கரம். எந்தச் சக்கரம் முதலில் என்பதைக் காரின் கையேட்டில் பாருங்கள். எல்லாக் காருக்கும் ஒரே வரிசை கிடையாது.

இதில் ஒரு ஆபத்து உண்டு. பழைய காரில் பெடலைத் தரைவரை மிதித்தால், மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் சீல் இதுவரை போகாத இடத்துக்குப் போய், அங்கே படிந்த துருவிலும் அழுக்கிலும் கிழிந்துவிடலாம். பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டை வைத்தால் போதும்.

தனி ஆள் என்றால் பலரும் வாங்குவது உறிஞ்சும் கைப்பம்ப். விலை குறைவு. ஆனால் இதை மட்டும் நம்பிக் காற்று எடுக்க நான் சொல்ல மாட்டேன். நிப்பிளின் மரை வழியாகவும் காற்று உறிஞ்சப்படுவதால் குமிழி நிற்கவே நிற்காது. எது பிரேக்கிலிருந்து வருகிறது, எது வெளிக்காற்று என்று பிரிக்க முடியாது. பிரேக் ஆயில் தொட்டியில் கிடக்கும் கறுத்த ஆயிலை முதலில் எடுத்துவிட அருமையான கருவி, அவ்வளவுதான்.

வேலைச் சுத்தத்தில் முதலிடம் அழுத்தத் தொட்டிக்கே. பிரேக் ஆயில் தொட்டியின் வாயில் பொருத்தி 10 முதல் 15 பிஎஸ்ஐ வரை காற்றழுத்தம் ஏற்றிவிட்டு, நீங்கள் ஒருவரே சக்கரம் சக்கரமாகத் திறந்துகொண்டு போகலாம். சீலுக்கும் சேதமில்லை. சிக்கல் மூடியில்தான். கருவியோடு வரும் மூடி பெரும்பாலும் ஐரோப்பிய கார்களுக்கானது. உங்கள் காருக்குச் சரியானதைத் தேடி வாங்க வேண்டும். பொருந்தாத மூடியைக் கட்டி இறுக்கினால் ஆயில் பீறிட்டுப் பெயின்ட்டை அரித்துவிடும். பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். வீட்டில் இரண்டு மூன்று கார் இருந்தால் இந்தச் செலவு வீண் போகாது.

நிப்பிளைத் திறந்து வைத்து ஆயிலைத் தானாக வடிய விடுவதும் ஒரு வழி. காசு செலவில்லை, பொறுமை வேண்டும். பிடிவாதமான குமிழி இதில் வெளியேறாது.

எந்த வழியானாலும் சமதரையும் ஆக்சில் ஸ்டாண்டும் கட்டாயம். ஜாக்கை மட்டும் நம்பிச் சக்கரத்தைக் கழற்றாதீர்கள். பிரேக் ஆயில் தொட்டி வற்றி, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அலகுக்குள் காற்று புகுந்துவிட்டால், பல கார்களில் காரின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் இல்லாமல் அதை எடுக்க முடியாது; ஹைப்ரிட் காரைத் தொடவே வேண்டாம், பட்டறைக்கு அனுப்புங்கள். பழைய ஆயிலைக் கால்வாயில் ஊற்றாமல் பட்டறையில் கொடுங்கள்.

முடித்ததும் என்ஜினை ஓடவிட்டுப் பெடலை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். கால் மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால், எங்காவது ஆயில் கசிகிறது அல்லது மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது. அந்தக் காரை வாசலைத் தாண்டி ஓட்டாதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.