பழைய ஸ்கீ டூர் சாமான் வாங்கப் போகிறீர்களா? என் 780 பிராங்க் போன கதையை வாசித்துவிட்டுப் போங்கள்

சனிக்கிழமை நடந்தது, இன்று திங்கள். இடையில் இரண்டு நாளும் மெசேஜ் அனுப்பியே களைத்துப்போனேன். போனது 780 பிராங்க். ஒரு மாதம் மிச்சம் பிடித்த காசு. யாரும் இதே குழியில் விழக்கூடாது என்பதற்காக, வாங்குமுன் பார்க்க வேண்டிய பத்து விஷயங்களைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

சுவிஸில் ஏப்ரல் என்றால் ஸ்கீ டூர்க்காரர்களுக்குத் திருவிழா மாதிரி. இரவு வானம் வெளித்திருந்தால் பனி இறுகிக் கல்லாகிவிடும். காலையில் அதன் மேல் ஏறிப் போய், மேற்பரப்பு ஒரு விரற்கடை இளகும் நேரத்தில் சறுக்கிக்கொண்டு இறங்கலாம். நண்பர்கள் நாலு பேர் வருடா வருடம் போவார்கள். இந்தமுறை என்னையும் கூப்பிட்டார்கள். என்னிடம் ஒன்றும் இல்லை. ஏறும்போது குதிகாலைத் தூக்க விடுகிற 'பின்' (pin) பைண்டிங் பூட்டிய ஸ்கீ, ஏறும்போது வழுக்காமலிருக்க அடியில் ஒட்டுகிற ஃபெல், பனிச்சரிவில் புதைந்த ஆளைத் தேடுகிற எல்விஎஸ் கருவி (ஒருவருடையது சமிக்ஞை அனுப்பும், மற்றவருடையது அதைத் தேடிப் பிடிக்கும்), எல்லாம் வேண்டும். புதிதாக வாங்க வசதியில்லை. அதனால் ஆளுக்காள் பழைய சாமான் விற்கிற ஒரு தளத்தில் தேடினேன். கட்டில் முதல் கார் வரை விற்பார்களே, அப்படி ஒன்று. பெயர் வேண்டாம்.

முழு செட்டும் 800 என்று போட்டிருந்தது. ஒரு ஸ்டேஷன் கார் தரிப்பிடத்தில் சந்தித்தோம். விற்றவருக்கு ஐம்பது வயது இருக்கும். முகம் வெயிலில் கறுத்து, கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளையைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன் என்று இப்போது நினைக்கிறேன். மலையில் திரிகிற மனிதர், மலைக்குப் போகிற இன்னொருவரை ஏமாற்றமாட்டார் என்று ஒரு எண்ணம். யாரோடு போகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்று அக்கறையாக விசாரித்தார். "பதினொரு மணிக்குமேல் தெற்குச் சரிவில் நிற்க வேண்டாம்" என்று புத்தியும் சொன்னார்.

பிறகு தன் எல்விஎஸ்ஸைக் காரின் பொனட்டில் வைத்தார், பக்கத்தில் எனக்கு விற்கப்போவதை வைத்தார். புத்தம் புது அல்கலைன் பற்றரியை என் கண் முன்னாலேயே உறையைக் கிழித்துப் போட்டு, "இது என் அன்பளிப்பு" என்றார். தன்னுடையதை அனுப்பும் நிலையிலும் மற்றதைத் தேடும் நிலையிலும் போட்டார். கீக் கீக் என்று சத்தம் வந்தது. திரையில் 0.6 மீற்றர் என்று காட்டியது. ஃபெல்லை ஒரு சாண் பிரித்துக் காட்டினார், பசை விரலோடு வந்தது. இருபது பிராங்க் குறைத்தார். நான் நன்றி வேறு சொல்லிவிட்டுக் கைபேசியிலேயே 780ஐ அனுப்பினேன். அரை மணி நேரமும் ஆகவில்லை.

ஜூலியர் கணவாய்ப் பாதையில் உள்ள பிவியோ (1769 மீற்றர்) என்ற ஊரிலிருந்து ரொக்காபெல்லா மலை (2730 மீற்றர்) ஏறுவதுதான் திட்டம். டாவோஸில் இருக்கிற எஸ்எல்எஃப் என்ற பனி ஆய்வு நிறுவனத்தின் பனிச்சரிவு அறிக்கையில், ஐந்து ஆபத்து நிலைகளில் காலையில் முதலாம் நிலை, பகலில் ஈரப் பனிச்சரிவுக்கு மூன்றாம் நிலை. அதாவது நேரத்தோடு ஏறி நேரத்தோடு இறங்க வேண்டிய நாள். ஆறு மணிக்கு ஸ்கீயைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றோம்.

புறப்படுமுன் குழுவாகக் கருவிகளைச் சோதிப்பது வழக்கம். எங்களைக் கூட்டிப்போகும் அண்ணை பழைய ஆள், கிட்ட நின்று பார்ப்பதோடு விடமாட்டார். எங்களைத் தேடும் நிலையில் போடச் சொல்லிவிட்டு, தான் 30 மீற்றர் தள்ளிப் போய் நின்றார். மற்ற மூன்று பேருடைய திரையிலும் அம்புக்குறியும் எண்ணும் வந்துவிட்டன.

"மச்சான், உனக்கு என்ன காட்டுது?"

"ஒண்டும் காட்டேல்லை."

அண்ணை ஒவ்வொரு அடியாகக் கிட்ட வந்தார். இருபது மீற்றர், பத்து, ஐந்து. மூன்று மீற்றருக்குள் வந்த பிறகுதான் என் கருவி முனகியது. நல்ல நிலையில் உள்ள மூன்று ஆன்டெனாக் கருவி 40 மீற்றரிலேயே பிடிக்கும். பொனட்டில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டியதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பற்றரி மூடியைக் கழற்றிச் சுருள்கம்பிக்குக் கீழே கைவிளக்கைப் பிடித்தார் அண்ணை. பற்றரி கசிந்து பிடித்த பச்சைக் களிம்பைச் சுரண்டி எடுத்த மிச்சம். ஒரு மூலையில் பிளாஸ்டிக் வெடித்து, பசை வைத்து ஒட்டியிருந்தது. "எங்கேயோ பலமாக விழுந்திருக்கு தம்பி, உள்ளே ஆன்டெனாவின் ஃபெரைட் கம்பி உடைந்திருக்கும்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். எல்விஎஸ் எல்லாம் 457 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் பேசுவது எதற்கு? யார் புதைந்தாலும் பக்கத்தில் நிற்பவன் தேடி எடுக்கத்தான். முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்தால்தான் ஆள் பிழைக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கும், பிறகு கிடுகிடுவென்று இறங்கிவிடும். 1414 என்ற மீட்பு எண்ணுக்கு அடித்து ஹெலிகொப்டர் வரும்வரை காத்திருக்க நேரம் கிடையாது. அந்த மனிதருக்கு இது நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டுதான் என் நண்பர்களைப் பற்றி விசாரித்தார்.

அண்ணை காரில் ஒரு மேலதிகக் கருவி வைத்திருந்தபடியால் முக்கால் மணி நேரம் பிந்திப் புறப்பட்டோம். அதோடு முடிந்ததா? 2100 மீற்றர் அளவில் இறுகிய சரிவில் குறுக்கே திரும்பும்போது என் இடது ஃபெல் வாலிலிருந்து கழன்று தொங்கியது. பிரித்துப் பார்த்தால், அவர் காட்டிய முன்பக்க ஒரு சாணில் மட்டும் பசை. மிச்சம் மஞ்சள் தூளாக உதிர்ந்தது. ஒட்டுநாடாவைச் சுற்றி ஏறினோம், கழன்றது. ஸ்கீ கட்டும் பட்டியைப் போட்டு ஏறினோம், திரும்பக் கழன்றது. இப்படியே பத்தரை ஆகிவிட்டது. பனி கணுக்கால் அளவுக்குப் புதையத் தொடங்கியது. "போதும், திரும்புவோம்" என்றார் அண்ணை. ஐந்து பேருடைய நாளும் என்னால் போனது. ஒருவர்கூட ஒரு சொல் குறையாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் சுடுகிறது.

அன்று மாலையே விற்றவருக்கு எழுதினேன். "நீங்களே சோதித்துப் பார்த்தீர்களே" என்று பதில். படங்கள் அனுப்பினேன். "பார்த்தபடி வாங்கியது, தனியார் விற்பனை, திருப்பி எடுக்கமாட்டேன்." மூன்றாவது மெசேஜ் போகவே இல்லை, தடுத்துவிட்டார். தளத்துக்கு எழுதினால், வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவைப்பது மட்டுமே தங்கள் வேலையாம். திரும்ப எழுதினேன், அதே பதில், எழுத்துக்கு எழுத்து அதே பதில். கீழே, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு கேள்வி. 780 பிராங்க்குக்கு ஐந்து நட்சத்திரம்!

பழுதை வேண்டுமென்றே மறைத்து விற்றால் 'பார்த்தபடி' என்ற பேச்சு செல்லாது, சுவிஸின் கடமைச் சட்டம் (ஒப்பந்தங்கள், வாங்கல் விற்றல் பற்றியது) 199ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் மறைத்தார் என்பதை நான் அல்லவா நிரூபிக்க வேண்டும்?

சரி, பத்து விஷயம் என்று சொன்னேன், அதற்கெல்லாம் இப்போது பொறுமை இல்லை. எல்விஎஸ்ஸைப் பழையதாக வாங்கவே வாங்காதீர்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் திறந்தவெளியில் 40 மீற்றர் தள்ளி வைத்துத் தேடிப் பாருங்கள், பற்றரிப் பெட்டிக்குள் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். ஃபெல்லை நுனியிலிருந்து வால்வரை முழுதாகப் பிரியுங்கள். பார்த்து முடிக்குமுன் காசு அனுப்பாதீர்கள். பழுது கண்டால் அன்றைக்கே எழுத்தில் அறிவியுங்கள், பிந்தினால் உரிமை போய்விடும்.

மிச்சம் பிறகு எழுதுகிறேன். விடிய வேலை, அதற்கு முன் அண்ணையின் கருவியைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.